4127 எங்கே?

இரவு 2:37. பதிவில் 21:07 என்று இருக்கிறது. சர்வர் உலகப் பொது நேரத்தில்தான் எழுதும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்வது என் பாடு.

பென்டிங் 0. க்யூ 0x29.

29 என்று படித்துவிட்டேன். பதினறும எண். 41.

பென்டிங்கில் ஏதோ தேங்கி நிற்கிறது என்று நினைத்துத்தான் திறந்தேன். அங்கே ஒன்றுமே இல்லை. அதுதான் முதலில் பயமாக இருந்தது.

கணக்கைத் தனியாக விரித்துப் பார்த்தேன். 4128, 4129, 4130... 4168 வரை ஒன்றுகூட விடாமல் வரிசையாக நிற்கிறது. கடைசியாகப் பிளாக்கில் ஏறியது 4126.

4127 எங்கே?

·

ஈத்தீரியத்தில் ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண் ஓடுகிறது. நான்ஸ். 0-வில் தொடங்கும். அந்தக் கணக்கு அனுப்பும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒன்று கூடும். 4126-க்குப் பிறகு 4127 மட்டும்தான். 4128 கையில் தயாராக இருந்தாலும் ஏறாது.

வங்கியில் டோக்கன் 27-க்கு ஆள் வரவில்லை என்றால் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு 28-ஐக் கூப்பிடுவார்கள். இங்கே கூப்பிட மாட்டார்கள். 27 வரும்வரை கவுண்டர் சும்மா இருக்கும். அந்தக் கணக்குக்கு மட்டும். பக்கத்துக் கணக்குகளெல்லாம் போய்க்கொண்டே இருக்கும்.

·

பிணையத்தில் இணைந்த ஒவ்வொரு கணினியும் ஒரு நோடு. கெத் என்ற நோடு மென்பொருள் தன் பரிவர்த்தனைக் குளத்தை இரண்டாகப் பிரித்து வைக்கிறது. இப்போதே ஏறக்கூடியவை பென்டிங். முன்னால் ஓர் எண் குறைவதால் ஏற முடியாதவை க்யூ.

வெளியில் இருப்பவர்களுக்கு இரண்டும் ஒரே சொல்தான். "பென்டிங்ல இருக்கு."

க்யூவில் இருப்பதைக் கெத் மற்ற நோடுகளுக்குச் சொல்வதே இல்லை. பென்டிங்குக்கு ஏறினால்தான் பரப்பும்.

ஆகவே அந்த 41 பரிவர்த்தனைகளுக்கும் ஹேஷ் என்ற அடையாளக் குறி உண்டு, கையெழுத்து உண்டு. எங்கள் நோடு ஒன்றைத் தவிர உலகத்தில் எவருக்கும் அவற்றைத் தெரியாது.

·

ஒலிப்பதிவு கேட்டு எழுதித் தருபவர் ஒருவர். நாங்கள் வாரக் கூலி அனுப்பும் நாள். இரவு 9:40-க்கு முதல் செய்தி.

"அண்ணா, அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பிட்டோம்மா. இதோ ஹேஷ்."

11:10. "அண்ணா, இதப் போட்டுப் பார்த்தா அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னு வருது."

நான் அவரிடம் பொய் சொல்லவில்லை. எங்கள் திரையில் 'அனுப்பப்பட்டது' என்று பச்சையில் இருந்தது. நோடு ஹேஷைத் திருப்பித் தந்ததும் பச்சை போட்டுவிடும்படி நாங்கள்தான் எழுதியிருந்தோம்.

நோடு ஹேஷ் தந்தால் 'வாங்கிக்கொண்டேன்' என்று பொருள். அவ்வளவுதான் பொருள்.

·

எப்படி நடந்தது என்று 2:44-க்குத் தெரிந்தது.

தரவுத்தளத்தில் எண் எடுக்கிறோம்: 4127. கையெழுத்துப் போடும் சேவைக்கு அனுப்புகிறோம். அது பத்து வினாடியில் பதில் தரவில்லை. நிரல் மறுபடி முயன்றது. மறுபடி முயல்வது என்றால் முதலிலிருந்து. முதலிலிருந்து என்றால் புது எண். 4128.

கூலி தொலையவில்லை. 4128-இல் இருக்கிறது. எண் மட்டும் தொலைந்தது.

பத்து வினாடி. அதற்குப் பின்னால் 41 பேர்.

·

2:51. இடைவெளியை நிரப்ப அதே கணக்கிலிருந்து அதே கணக்குக்கு 0 ஈதர். நான்ஸ் 4127. கேஸ், அதாவது பரிவர்த்தனைக்கு ஆகும் வேலையின் அளவு, 21,000.

கையெழுத்துச் சேவை தாமதமாக ஒப்பமிட்ட பழைய 4127 எங்காவது கிடக்குமோ என்று ஒரு நிமிடம் யோசித்தேன். கிடந்தாலும் இனி ஏறாது. ஓர் எண்ணுக்கு ஒன்றுதான். அந்த எண் இருப்பதே அதற்காக. ஒரே கையெழுத்தை எவரும் இரண்டு முறை காசாக்கக் கூடாது.

2:51:35-இல் ஏறியது. 2:51:47-இல் 33. 2:51:59-இல் 8.

ஆறு மணி நேரம் நின்றவை 24 வினாடியில் போய்ச் சேர்ந்தன.

·

ஈத்தீரியம் பிளாக்குகளின் நேரத்தில் வினாடி இப்போதெல்லாம் 11, 23, 35, 47, 59. வேறு வராது. 2020 டிசம்பர் 1 அன்று பீக்கன் சங்கிலி 12:00:23-க்குத் தொடங்கியது. அதிலிருந்து 12 வினாடிக்கு ஓர் இடம். 60-ஐ 12 சரியாக வகுப்பதால் அந்த 23 இன்னும் அப்படியே இருக்கிறது.

பிளாக் வராமல் வெறுமையாகப் போகும் இடங்களும் உண்டு. அப்போது 24 வினாடி.

·

பச்சை நிறத்தை எடுத்துவிட்டோம். இப்போது மூன்று சொற்கள்: 'நோடு வாங்கியது', 'பிளாக்கில் ஏறியது', 'உறுதியானது'.

நீளமாக இருக்கிறது என்று வடிவமைப்பாளர் சொன்னார். இருக்கட்டும்.

·

கெத்தின் சில இயல்பு எண்கள். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தவை.

க்யூவில் ஒரு கணக்குக்கு 64. மொத்தமாக 1024.

க்யூவில் இருக்கும் ஆயுள் 3 மணி நேரம்.

ஒன்றை மாற்ற 10 சதவீதம் கூடுதல் கட்டணம்.

ஒரு பரிவர்த்தனையின் உச்ச அளவு 128 கிலோபைட்.

3 மணி நேரம் என்றால் எங்கள் 41-உம் நள்ளிரவிலேயே போயிருக்க வேண்டும். போகவில்லை. நோடு தன் வாசல் வழியாக வந்ததைத் தன்னுடையது என்று தனியாக வைத்துக்கொண்டது. அந்த விதி அயலார் பரிவர்த்தனைகளுக்கு.

இது நல்லதா கெட்டதா? அன்றைக்கு நல்லது. ஒருவேளை போயிருந்தால் ஹேஷும் இல்லை, பணமும் இல்லை, 'அனுப்பிட்டோம்மா' மட்டும் மிஞ்சியிருக்கும்.

·

அந்த 3 மணி நேரம் க்யூவுக்குத்தான். பென்டிங்கில் இருப்பதற்கு ஆயுள் கிடையாது. விலை போதாமல் நின்றால் நிற்கும், குளம் நிரம்பி வெளியே தள்ளும்வரை. பலர் இதை மாற்றிப் புரிந்துகொண்டு மூன்று மணி நேரம் காத்திருக்கிறார்கள்.

·

2017 நவம்பர் 28 அன்று கிரிப்டோகிட்டீஸ் வந்தது. பூனை வளர்க்கும் விளையாட்டு. டிசம்பர் முதல் வாரத்தில் ஈத்தீரியமே திணறியது.

எல்லோரும் அந்த நெரிசலைப் பற்றிச் சொல்வார்கள். என் கண்ணில் நின்றது வேறொன்று. குட்டி தானாகப் பிறக்காது. பிளாக்செயினில் எதுவும் தானாக நடக்காது, யாராவது ஒரு பரிவர்த்தனை அனுப்பி 'இப்போது பிறக்கட்டும்' என்று சொல்ல வேண்டும். சொல்பவருக்கு ஒரு சிறு கூலி. மருத்துவச்சி கூலி என்றே வைத்துக்கொள்ளலாம். நெரிசலில் கேஸ் விலை அந்தக் கூலியைத் தாண்டிப் போனது. கூலியை 0.001 ஈதரிலிருந்து 0.002 ஆக்கினார்கள்.

குட்டிகள் நேரத்துக்குப் பிறக்க வேண்டும் என்று.

·

2020 மார்ச் 12.

இந்தத் தேதிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். திரும்பத் திரும்ப வருகிறேன்.

ஈதர் விலை ஒரே நாளில் 40 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. மேக்கர் என்ற கடன் அமைப்பில் ஈதரை அடகு வைத்து, டாலர் மதிப்பைப் பின்பற்றும் டாய் நாணயத்தைக் கடனாக வாங்கியவர்கள் நிறைய. விலை விழுந்தால் அடகுப் பொருள் ஏலத்துக்குப் போகும். ஏலம் கேட்பவை நிரல்கள். கீப்பர் என்று பெயர். கடனும் 13 சதவீத அபராதமும் கழிந்தபின் மீதி அடகு வைத்தவருக்குத் திரும்ப வேண்டும். வழக்கமாகத் திரும்பும்.

அன்று எல்லோரும் ஒரே நேரத்தில் எதையாவது அனுப்ப முயன்றார்கள். கேஸ் விலை எகிறியது. கீப்பர்கள் பல வழக்கமான கேஸ் விலையிலேயே ஏலம் கேட்டன. அந்த ஏலக் கேள்விகள் மெம்பூலில், அதாவது பரிவர்த்தனைக் குளத்தில், கிடந்தன. முதலாவது நின்றால் அதே கணக்கின் அடுத்தவை அதன் பின்னால் நிற்கும்.

அப்போது ஒரு கேள்விக்குப் பிறகு பத்து நிமிடம் வேறு கேள்வி வராவிட்டால் ஏலம் முடிந்தது.

போய்ச் சேர்ந்த சில கேள்விகளில் தொகை: 0 டாய்.

எதிர்க்கேள்வி வரவில்லை. வந்துகொண்டிருந்தது. வந்து சேரவில்லை.

83 லட்சம் டாலர் பெறுமான ஈதர் 0-வுக்குப் போனது. அடகு வைத்தவர்களில் பலருக்கு மீதி என்று ஒன்றுமில்லை.

பிற்பாடு அந்தப் பத்து நிமிடத்தை ஆறு மணி நேரமாக்கினார்கள்.

பத்து நிமிடம் என்பது அன்றைய வேகத்தில் ஏறத்தாழ 45 பிளாக். எழுதி வைத்தவர்களுக்கு அது தாராளமாகத் தெரிந்திருக்கும். 45 வாய்ப்புகளில் ஒன்றில்கூடவா ஏற முடியாது?

·

ஆறு மணி நேரம். என் 41-உம் ஆறு மணி நேரம். தற்செயல்.

·

2021 ஆகஸ்ட் 5, பிளாக் 1,29,65,000. லண்டன் மேம்பாடு. அன்றிலிருந்து அடிப்படைக் கட்டணம் என்று ஒன்று. பிளாக் பாதிக்கு மேல் நிரம்பினால் கூடும், குறைந்தால் குறையும். ஒரு பிளாக்குக்கு அதிகபட்சம் 12.5 சதவீதம்.

சின்ன எண்ணாகத் தெரிகிறது. பென்சிலில் போட்டுப் பார்த்தேன்.

1.125-ஐ ஆறு முறை பெருக்கினால் 2.03.

ஆறு பிளாக். 72 வினாடி. தேநீர் ஆறுவதற்குள் கட்டணம் இரட்டிப்பு.

இருபது முறை பெருக்கினால் 10.5. நான்கு நிமிடத்தில் பத்து மடங்கு.

·

கெத்தில் உள்ள நூலகமும் ஈதர்ஸ் நூலகமும் உச்சக் கட்டணத்தை இப்படி வைக்கின்றன: தற்போதைய அடிப்படைக் கட்டணம் பெருக்கல் இரண்டு, அத்துடன் டிப், அதாவது பிளாக்கில் ஏற்றுபவருக்கான ஊக்கத்தொகை.

இரண்டு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பல நாள் தெரியாமல் இருந்தேன். மேலே உள்ள பென்சில் கணக்கைப் போட்ட அன்றுதான் உறைத்தது. ஏறத்தாழ ஆறு பிளாக் தாங்கும்.

ஏழாவது?

·

உச்சக் கட்டணத்தைத் தாராளமாக வைப்பதால் செலவு கூடாது. அடிப்படைக் கட்டணமும் டிப்பும் மட்டுமே போகும், மீதி கணக்கிலேயே இருக்கும். இதை ஒவ்வொரு புதியவருக்கும் சொல்கிறேன். ஒவ்வொருவரும் பயப்படுகிறார்கள்.

பயத்துக்கும் காரணம் உண்டு. லண்டனுக்கு முன், 2020 ஜூன் 10 அன்று யாரோ 0.55 ஈதர் அனுப்பினார்கள். கட்டணமாகப் போனது 10,668 ஈதர்.

அந்த ஆண்டே கெத்தில் ஒரு காப்பு வந்தது. நோடின் வாசல் வழியாக வரும் பரிவர்த்தனையின் கட்டணம் 1 ஈதரைத் தாண்டினால் வாங்காது. நாமாக மாற்றி எழுதினால்தான் வாங்கும்.

அந்தத் தாராளத்துக்கு இன்னொரு விலை இருக்கிறது. கணக்கில் ஈதர் இருக்க வேண்டும். நோடு உச்சத்தை வைத்துத்தான் கணக்குப் பார்க்கும். உச்சக் கட்டணம் பெருக்கல் கேஸ் அளவு. அது இல்லாவிட்டால் பரிவர்த்தனையைத் தள்ளிவிடும். நடுவில் ஒன்று தள்ளப்பட்டால் பின்னால் நிற்பவை பென்டிங்கிலிருந்து க்யூவுக்கு இறங்கும்.

மறுபடி ஒரு 4127.

·

நின்றுபோனதை வேகப்படுத்த அதே எண்ணில் கூடுதல் கட்டணத்துடன் இன்னொன்று அனுப்ப வேண்டும். பணப்பை செயலிகளில் இதற்குப் பொத்தானே உண்டு.

10 சதவீதம் கூட வேண்டும். எதில்? உச்சக் கட்டணத்திலா, டிப்பிலா?

இரண்டிலும்.

இதில்தான் தம்பி ஒருவன் ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்டான். உச்சத்தை மூன்று மடங்காக்கினான். நான்கு மடங்காக்கினான். டிப்பைத் தொடவில்லை. நோடு ஒரே பதிலைத் திரும்பச் சொன்னது: மாற்றுப் பரிவர்த்தனைக்கு விலை போதாது.

"இதுக்கு மேல எவ்வளவுண்ணே வைக்கிறது?"

டிப் 1 குவெய் இருந்தது. ஈதரின் சிறு அலகு அது. 1.1 வைத்தோம். போய்விட்டது.

அடுத்த நாள் அந்தப் பிழைச் செய்திக்குப் பக்கத்தில் எங்கள் நிரலிலேயே ஒரு வரி சேர்த்தான்: எது குறைகிறது, எவ்வளவு குறைகிறது. அவன் எழுதிய மிக நல்ல வரி அது.

·

ஏன் 10? ஏன் ஈதரின் மிகச் சிறிய அலகான ஒரு வெய் கூட்டினால் போதாது?

மாற்றாக வரும் ஒவ்வொன்றையும் உலகம் முழுக்கப் பரப்ப வேண்டும். கெத் தன் அண்டை நோடுகளில் ஏறத்தாழ வர்க்கமூல எண்ணிக்கைக்கு முழுப் பரிவர்த்தனையை அனுப்பும். மற்றவர்களுக்கு ஹேஷை மட்டும் சொல்லும். 50 அண்டை என்றால் 7 பேருக்கு முழுசாக. ஒரு வெய் கூட்டினால் போதும் என்றால் ஒரே ஆள் இலவசமாக ஊரையே ஓட வைக்கலாம்.

பெரிய தரவுத் துண்டுகளைச் சுமக்கும் பிளாப் பரிவர்த்தனைகளுக்கு 100 சதவீதம். 2024 மார்ச் 13-இல் வந்தவை. ஒரு பிளாப் 128 கிலோபைட். அதனால் இரட்டிப்பு கேட்கிறார்கள்.

பிளாப்கள் வந்த புதிதில் அவற்றின் குளம் எண் இடைவெளி விட்டு வருவதை வாங்கவே இல்லை. க்யூ என்பதே அங்கே இருக்கவில்லை. 4127 இல்லாமல் 4128 வந்தால் வாசலிலேயே திருப்பிவிட்டது.

யோசித்தால் அதுதான் மரியாதை. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது.

·

2021-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை. டிடர் என்று தாக்குதலுக்குப் பெயர் வைத்தார்கள். எண்ணை வேண்டுமென்றே தாண்டி, அதிக விலை போட்டுப் பரிவர்த்தனைகளை அனுப்புவது. விலை அதிகம் என்பதால் குளத்தில் இடம் கிடைக்கும். எண் இடைவெளி இருப்பதால் ஒருபோதும் ஏறாது. ஏறாததால் காசும் போகாது. ஏறக்கூடிய மற்றவர்களின் பரிவர்த்தனைகள் வெளியே விழும்.

இப்போது கெத்தில் அதற்கு ஒரு பிழைச் செய்தி இருக்கிறது. தமிழில் சொன்னால்: வருங்காலப் பரிவர்த்தனை, நிலுவையில் இருப்பதை இடம்பெயர்க்கப் பார்க்கிறது.

·

மெம்பூல் என்று ஒருமையில் சொல்கிறோம். அப்படி ஒன்று இல்லை. ஒவ்வொரு நோடுக்கும் ஒரு குளம். ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லாமல் போகலாம்.

மூன்று நோடுகளை ஒரு சுமைப் பகிர்வானுக்குப் பின்னால் வைத்திருந்தோம். 'இந்தக் கணக்குக்கு அடுத்த எண் என்ன?' என்று கேட்டால்:

முதலாவது 2210.

இரண்டாவது 2210.

மூன்றாவது 2204.

மூன்றாவதை அன்று மதியம்தான் மறுதொடக்கம் செய்திருந்தோம். மறுதொடக்கத்தில் கெத் தன்னுடையது என்று குறித்தவற்றை மட்டும் ஒரு கோப்பில் எழுதி வைத்து மீட்கும். மற்றவை நினைவகத்தோடு போய்விடும். அதற்குத் தெரிந்தவரை 2204 சரி.

அது பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட இடம் தப்பு.

அதன் பிறகு அடுத்த எண்ணை நோடிடம் கேட்பதை நிறுத்தினோம். எண் தருவது ஒரே இடம். ஒரே வரிசை. பூட்டுப் போட்ட வரிசை. நோடிடம் கேட்பது ஒன்றுதான்: பிளாக்கில் ஏறியது எதுவரை?

·

இப்போதைய வரிசை. சுவரில் ஒட்டியிருக்கிறது, கையெழுத்து என்னுடையது, கோணலாக.

தோற்கக்கூடியதையெல்லாம் முதலில் செய். முகவரி சரியா, இருப்பு போதுமா, கேஸ் மதிப்பீடு வருகிறதா.

எண்ணைக் கடைசியில் எடு.

எடுத்த எண்ணைக் கைவிடாதே. வேலை நடக்காவிட்டால் அந்த எண்ணில் தனக்குத்தானே 0 அனுப்பு.

கையெழுத்திட்ட பைட்டுகளை அனுப்புவதற்கு முன்னால் எழுதி வை. சந்தேகம் வந்தால் அதே பைட்டுகளைத் திரும்ப அனுப்பு. புதிதாகச் செய்யாதே.

'ஏற்கெனவே தெரியும்' என்று நோடு சொன்னால் அது பிழை இல்லை.

கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அந்தப் பதிலைப் பிழை என்று எடுத்துக்கொண்டு புது எண்ணில் இரண்டாம் முறை பணம் அனுப்பிய நிரலைப் பார்த்திருக்கிறேன்.

·

எச்சரிக்கை மணிகள். முன்பு: பென்டிங் 100-ஐத் தாண்டினால் அடி. இப்போது: க்யூ 0-வைத் தாண்டி இரண்டு நிமிடம் நின்றால் அடி.

இன்னொன்று. ஏறிய எண் பத்து பிளாக்காக நகரவில்லை, ஆனால் கையில் அனுப்பியது இருக்கிறது என்றால் அடி.

அன்றிரவு பழைய மணி அடிக்கவில்லை. பென்டிங் 0 என்றால் அதன் கணக்கில் எல்லாம் நலம்.

·

பிட்காயினில் நான்ஸ் இல்லை. அதாவது கணக்குக்கு ஓடும் எண் இல்லை. ஒரு காசைச் செலவழித்தால் அந்தக் காசே தீர்ந்தது, எண் எதற்கு.

ஆனாலும் நிற்கும். கட்டணம் போதாமல்.

பிட்காயின் கோர் மெம்பூலின் இயல்பு அளவு 300 மெகாபைட். ஆயுள் 336 மணி நேரம். பதினான்கு நாள். மணியில் எழுதியிருப்பதால் யாருக்கும் சட்டென்று உறைப்பதில்லை.

பதினான்கு நாள் கழித்து ஒரு நோடு மறந்துவிட்டது என்பதால் அந்தப் பரிவர்த்தனை செத்துவிடவில்லை. பிரதி வைத்திருக்கும் யாரும் திரும்பப் பரப்பலாம். கையெழுத்துக்குக் காலாவதி கிடையாது.

·

நின்றுபோன பிட்காயின் பரிவர்த்தனையை மீட்க இரண்டு வழி. அனுப்பியவர் கட்டணம் கூட்டி மாற்றலாம். அல்லது பெறுபவர், இன்னும் வந்துசேராத அந்தக் காசையே செலவழித்து, அந்த இரண்டாவது பரிவர்த்தனைக்குப் பெரிய கட்டணம் வைக்கலாம். இரண்டாவதான பிள்ளை ஏற வேண்டும் என்றால் முதலாவதான பெற்றவர் ஏறியாக வேண்டும். சுரங்கக்காரர் இரண்டையும் சேர்த்து எடுப்பார்.

பெற்றவருக்காகப் பிள்ளை கட்டுவது என்றே அதற்குப் பெயர்.

இதில் எனக்குப் பிடித்தது: காத்திருப்பவர் கையிலும் ஒரு வழி இருக்கிறது. ஈத்தீரியத்தில் பெறுபவருக்கு அப்படி எதுவும் இல்லை. காத்திருக்கத்தான் வேண்டும். 'அண்ணா, அனுப்பிட்டீங்களா' என்று கேட்கத்தான் முடியும்.

·

2023 மே 7. பிட்காயின் மெம்பூலில் 4 லட்சத்துக்கும் மேல் பரிவர்த்தனைகள். பிஆர்சி-20 டோக்கன் மோகம். பைனான்ஸ் என்ற கிரிப்டோ சந்தை, வாடிக்கையாளர்கள் பிட்காயின் எடுப்பதை நிறுத்தி வைத்தது. தாங்கள் வைத்த கட்டணம் அந்த எழுச்சியை எதிர்பார்க்கவில்லை என்று சொன்னார்கள். நின்றவற்றைக் கூடுதல் கட்டணத்தில் மாற்றி அனுப்பினார்கள்.

கட்டணம் நேற்றைய எண். ஏறுவது இன்றைய பிளாக்.

·

புதிது ஒன்று. 2025 மே 7-இல் வந்த பெக்ட்ரா மேம்பாட்டில் சாதாரணக் கணக்கும் ஒப்பந்த நிரலைச் சுமக்கலாம். அப்படிச் சுமக்கும் கணக்குக்கு நோடு ஒரே ஒரு நிலுவையைத்தான் வைத்துக்கொள்கிறது. 64 இல்லை. ஒன்று.

காரணம்: அந்தக் கணக்கின் பணத்தை இன்னொருவர் அனுப்பும் பரிவர்த்தனைகூட வெளியே எடுத்துவிடலாம். எடுத்தால் வரிசையில் நிற்பதெல்லாம் ஒரே அடியில் செல்லாமல் போகும். அதனால் வரிசையே வேண்டாம் என்கிறது.

எங்கள் கூலிக் கணக்குகளை அப்படி மாற்றலாமா என்று கேட்டார்கள். ஒரே பரிவர்த்தனையில் பலருக்கு அனுப்பலாம், கட்டணம் குறையும். உண்மைதான். ஒன்று நின்றால் எல்லோருக்கும் நிற்கும். அதுவும் உண்மை. இரண்டு வாரமாக முடிவு சொல்லவில்லை.

·

கணக்குகளை நான்காகப் பிரித்திருக்கிறோம். ஒன்று நின்றாலும் மற்ற மூன்று ஓடும். நான்கிலும் ஈதர் வைக்க வேண்டும், நான்கையும் பார்க்க வேண்டும். வேலை கூடியது. முணுமுணுப்பும்.

·

4127 இப்போதும் இருக்கிறது. சங்கிலியில் யாரும் பார்க்கலாம். அனுப்பியவர் முகவரி, பெறுபவர் முகவரி, இரண்டும் ஒன்று. தொகை 0.

அதற்கு மேலே 4126: ஒருவரின் கூலி. கீழே 4128: ஒருவரின் கூலி. 4128 அந்த ஒலிப்பதிவுக்காரருடையது. முதலில் 4127 எடுத்தது அவருக்காகத்தான்.

மறுநாள் காலை 6:12.

"வந்திருச்சு அண்ணா."

அதற்குக் கீழே அந்த ஹேஷை ஒட்டியிருந்தார். சரிபார்த்திருக்கிறார். எந்த பிளாக் என்ற எண்ணோடு.

·

மூன்றாவது கணக்கில் ஈதர் 0.08. உச்சக் கட்டணம் இரண்டு மடங்கு ஆனால் எத்தனை பரிவர்த்தனை தாங்கும்? போட்டுப் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைக்குள்.